நல்ல நாள் அதுவுமா

டோக்கன் எண் வர வேண்டிய சின்ன ஜன்னல் வெள்ளையாகத் திறந்தது. மூடிவிட்டு மறுபடி அமுக்கினேன். மறுபடியும் வெள்ளை. மூன்றாவது தடவையும் அதே கதைதான். ஒரு கோடு, ஒரு எழுத்து, ஒரு புள்ளி கிடையாது. சலவைக்குப் போய்வந்த வேட்டியை விரித்துப் போட்ட மாதிரி இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கத்தை மூடிவிடுவார்கள். போதாக்குறைக்கு, அதே பன்னிரண்டுக்கு எங்கள் பகுதியில் மின்வெட்டு. இரண்டாயிரத்து எட்டு அக்டோபர் அது. தினம் ஒரு மணி நேரம் விசிறியும் விளக்கும் நிற்கும். அதற்குள் முடிப்பதை முடித்தால் உண்டு.

நான் அன்புக்கரசி. வீடு வியாசர்பாடி. ராயபுரம் கல்மண்டபத்தில் மீன்வலைக்கடை மாடியில் இருக்கும் வெள்ளத்துரை அண்ணாச்சியின் ஏற்றுமதி ஏஜென்ஸியில் நாலு வருஷமாக வேலை. அடுத்தவர் சரக்கைக் கன்டெய்னரில் அடைத்து, தாள்களை முடித்து, கப்பல் ஏறும்வரை கொண்டுசேர்ப்பது எங்கள் தொழில். கீழேயிருந்து நைலான் வாசனை வரும், ஜன்னலைத் திறந்தால் மீன் ஐஸ் லாரியின் வாசனை வரும், இரண்டையும் அமுக்குவதற்கு அண்ணாச்சி காலையில் நாலு ஊதுவத்தி கொளுத்துவார். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இரண்டு. ஒன்று பில் அடிக்க. நெட் இருப்பது ஒன்றே ஒன்று, அது என் மேசையில். நான் சேர்ந்தபோது அதன்மேல் பூப்போட்ட உறை மாட்டி, அந்த உறையின்மேல் ஒரு பிள்ளையாரை உட்காரவைத்திருந்தார்கள். தொட ஆளில்லை. நான் பிள்ளையாரை ஜன்னலோரம் நகர்த்திவிட்டு உறையைக் கழற்றினேன். டோல்கேட் ஸ்டாப்பிங் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்தது கொஞ்சம், தட்டித் தட்டி நானாகக் கற்றது மீதி. இன்றைக்கு அந்த நாற்காலியில் என்னைவிட நன்றாக உட்காரக்கூடிய ஆள் ராயபுரத்தில் இல்லை. இதைப் பெருமை என்று சொல்லலாம், பொய் என்று சொல்ல முடியாது.

அன்றைய கன்டெய்னரில் இருந்தது மிளகாய் வற்றல். மலேசியாவில் கிளாங் துறைமுகத்துக்குப் போக வேண்டும். டிரெய்லரை ஓட்டுகிறவர் துரை அண்ணன், எங்கள் தெருக்காரர். எண்ணூர் ரோட்டில், கப்பலேறும் முன் கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டு வாசலுக்குப் போகும் வரிசையில் இரண்டு நாளாக நிற்கிறார். யார்டுக்குள் நுழைய அன்றைய தேதிக்கு ஒரு டோக்கன் எண் வேண்டும். யார்டின் இணையப் பக்கத்தில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் எடுத்தால்தான் கிடைக்கும். ஒரு ஏஜென்ஸிக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் பதிவு. வேறு மிஷினில் போய் உட்கார்ந்தால் பாஸ்வேர்டு திறக்காது. இன்றைக்கு விட்டால் கப்பல் போய்விடும், அடுத்த கப்பல் எட்டு நாள் கழித்து.

செல்போன் அடித்தது. துரை அண்ணன்தான்.

"இன்னா அன்பு, டோக்கன் வந்துச்சா? முன்னால பதினோரு வண்டிதான் கீது. ரெண்டு நாளா ஸ்டியரிங்கப் புட்சிகினு குந்தினு கீறேன்மா. குளிக்கக்கூட இல்ல."

"வந்துரும்ணா. நீ வரிசைய வுட்டு மட்டும் நவுராத."

"டோக்கன் இல்லாம கேட்டாண்ட போனா திருப்பி வுட்ருவானுங்கோ. அப்பால மறுபடியும் எர்ணாவூராண்ட வாலப் புட்சிகினு நிக்கணும். பேஜாராப்பூடும்."

"நான்தான் சொல்றேன்ல. வந்துரும்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மிஷினைச் சரியாகப் பார்த்தேன். பத்து மணிக்கு வந்து அவசரமாகத் திறந்ததில் கவனிக்காமல் விட்ட விஷயம் இப்போது கண்ணில் குத்தியது. பிரவுசரைத் திறக்கிற நீல நிற e எழுத்து, புதன்கிழமை வரை வெறுங்கையோடு இருந்தது, இன்று கல்யாணமானவன் மாதிரி ஒரு தங்க வளையம் போட்டுக்கொண்டு நின்றது. மேலே இருந்த பட்டன்கள் இடம் மாறியிருந்தன. பழையது போய்ப் புதுப் பதிப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது.

எனக்குப் பகீரென்றது. யார்டின் பக்கம் பழைய பதிப்புக்காக எழுதியது. புதியதில் டோக்கன் ஜன்னல் வெள்ளையாகத்தான் திறக்கும், நாங்கள் மாற்றி எழுதி முடிக்கும்வரை பிரவுசரைப் புதுப்பிக்காதீர்கள் என்று ஆகஸ்ட்டிலேயே எல்லா ஏஜென்ஸிக்கும் தாள் அனுப்பியிருந்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் சும்மா இருக்குமா? புதுசு எது வந்தாலும் தானாக இறக்கி வைத்துக்கொண்டு, போடட்டுமா போடட்டுமா என்று வந்து நிற்கும். நான் வேண்டாம் என்பேன். நாலு நாள் கழித்து மறுபடி வரும். மறுபடி வேண்டாம் என்பேன். நான் இல்லாத நேரத்தில் யாராவது உட்கார்ந்தால் என்ன செய்வது என்று மானிட்டரின் கீழ் விளிம்பில் ஒரு மஞ்சள் சீட்டில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன்: எது கேட்டாலும் வேணாம். அன்பு.

சீட்டைத் தேடினேன். இல்லை. அது இருந்த இடத்தில் சந்தனம் குழைத்துத் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. புதன்கிழமை ஆயுத பூஜை. ஸ்டேப்ளர், பஞ்சிங் மிஷின், ஃபேக்ஸ், குடிதண்ணீர் கேன் வரைக்கும் பொட்டு வைத்தாயிற்று. கீபோர்டைத் தட்டினால் இன்னும் பொரி உதிர்ந்தது.

யார்டுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் நான் வாயைத் திறக்கும் முன்பே, "சர்வர் டவுனா இருக்கும் மேடம், வெயிட் பண்ணுங்க" என்றார். எங்கள் தொழிலில் இது ஒரு வசதி. எது நின்றாலும் சர்வர் டவுன். மறுபேச்சு இருக்காது, யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. நானும் அண்ணாச்சியிடம் அப்படியே சொல்லிவிட்டுப் பன்னிரண்டு வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கலாம். கன்டெய்னர் நிற்கும், என் பெயர் கெடாது. ஆனால் துரை அண்ணனிடம் வந்துவிடும் என்று சொல்லியாயிற்றே. எழுந்து அண்ணாச்சியின் மேசைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, டோக்கன் வரல. நம்ம மிஷின்ல யாரோ புது பிரவுசரப் போட்டுட்டாங்க. அத எடுத்துட்டுப் பழசக் கொண்டாந்தாதான் வரும்."

அண்ணாச்சி நெற்றித் திருநீறு உதிர நிமிர்ந்து பார்த்தார். பார்த்தாரே தவிரப் பேசவில்லை. பேசியது ஜோபின். அண்ணாச்சியின் அக்கா மகன், நாகர்கோவில், ஆறு மாதமாக மேனேஜர். வந்த நாளிலிருந்து என் நாற்காலியை அவர் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும்.

"யாரோன்னா யாரு? புதன்கிழமை சாயங்காலம் கடைசியா ஆஃப் பண்ணுனது இவளாக்கும் மாமா. நேத்து ஸ்டாஃப் யாருக்கும் ஆபீஸ் கெடையாது. பொறவு பேயா வந்து போட்டுது?"

"நான் ஆஃப் மட்டும்தான் பண்ணேன் ஜோபின் சார்."

"பூஜைல கையக் கட்டிக்கிட்டு ஓரமா நிக்கவளுக்கு மிஷின் மேல எங்கேருந்து மரியாதை வரும்? மாமா, பாஸ்வேர்ட இங்க தரச் சொல்லுங்க. சிஸ்டத்த இனிமே நான் பாத்துக்கிடுதேன். இவ பில் அடிக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் பௌத்தர்கள், பூஜையில் நான் கும்பிடுவதில்லை என்பது அண்ணாச்சிக்கு முதல் வருஷத்திலிருந்தே தெரியும். மேசைகளைத் துடைப்பேன், பொரிப் பொட்டலம் கட்டுவேன், சுண்டல் நன்றாக இருந்தால் இரண்டாம் தடவை கேட்டு வாங்குவேன். அதுவரைக்கும் சரி.

"நீங்களும்தான் கும்பிடல சார். போன்ல பேசறாப்புல வாசல்ல நின்னுகினு இருந்தீங்க" என்றேன். ஜோபின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ராயபுரம் சர்ச்சுக்குப் போகிறவர். முகம் சிவந்துவிட்டது.

அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் கிடைத்தது உண்மைதான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணாச்சியை. நாலு வருஷத்தில் ஒரு டோக்கன் தவறியதில்லை. 'அவ அப்படிச் செய்யமாட்டாடே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார். வலித்தது. ஜோபின் சொன்ன எதுவும் அந்த அளவுக்கு வலிக்கவில்லை. அந்த நாற்காலியிலிருந்து எழுந்து பில் மிஷினுக்குப் போய்விட்டால், நாளைக்கு இந்த மாடியில் நான் யார்? தண்ணீர் கேன் வந்ததா என்று பார்க்கிற ஆள்.

அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. எங்களுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் மஜீது பாய்க்குப் போன் போட்டேன். ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்க வேண்டியிருந்தது.

"பாய், புதுச எடுத்தா பழசு தானா வந்துருமா? இல்ல ரெண்டும் பூடுமா?"

"வந்துரும்மா. பழச ஓரமா கட்டி வெச்சினுதான் இருக்கும். நான் ஜும்மாவுக்குக் கெளம்பினு கீறேன், இல்லாட்டி வந்துருவேன். ஒண்ணே ஒண்ணு, எடுத்துகினு இருக்கசொல்லோ கரண்ட் போவக்கூடாது. போச்சு, மொத்தமும் கலீஜ்."

"பன்னெண்டுக்குத்தான் போவும்."

"அப்போ இன்னாத்துக்கு என்னாண்ட பேசினு கீற? போய் எடு."

மணி பத்து நாற்பது. நாற்காலியில் உட்கார்ந்தேன். மௌஸில் கை வைக்கும் நேரம் பார்த்து அண்ணாச்சிக்கு வாய் திறந்தது.

"அன்பு, வெள்ளிக்கிழமைல்லா. ராவு காலம் ஆரம்பிச்சிட்டு. பன்னெண்டு வரைக்கும் இருக்கு. இப்பம் போயி அதுல கைய வைக்கணுமா?"

"பன்னெண்டுக்கு டோக்கனும் இருக்காது, கரண்டும் இருக்காது அண்ணாச்சி."

"வந்து உக்காந்தத இந்த நேரத்துல எடுத்து எறியணுமான்னு பாக்கேன்."

"ராவு காலத்துல எதையும் ஆரம்பிக்கத்தான் கூடாது. இது ஆரம்பிக்கறது இல்ல, முடிக்கறது" என்றேன். சாஸ்திரத்தில் இப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஜோபினும் வந்தார். நான் தப்பு செய்கிற நிமிஷத்தை நேரில் பார்க்க வேண்டும் அவருக்கு.

கம்ப்யூட்டரில் என்னென்ன போட்டிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன். எங்கள் மிஷினுக்கு வயசாகிவிட்டது. பட்டியல் வருவதற்குள் ஒரு டீ குடிக்கலாம். ஒவ்வொரு பெயராக வந்து நிரம்பியது. புது பிரவுசரின் பெயரைத் தேடி அமுக்கினேன். பக்கத்தில், அது எந்தத் தேதியில் போடப்பட்டது என்று இருந்தது. நான் வாய்விட்டுப் படித்தேன்.

"ஒம்பது, பத்து, ரெண்டாயிரத்து எட்டு."

கீழே வலைக்கடையில் யாரோ கயிற்றை முழம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தது மேலே கேட்டது.

"ஒம்பதாம் தேதின்னா நேத்து. வியாழக்கிழமை. விஜயதசமி" என்றேன். "நேத்து நான் எங்க தெருவுல பஞ்சசீலக் கொடி ஏத்திகினு இருந்தேன் சார். எங்களுக்கும் அது பெரிய நாள், அம்பேத்கர் தம்மம் ஏத்துகினது அந்த தசமிலதான். காலைல கொடி, மத்தியானம் கேசரி, சாயங்காலம் ஊர்வலம். நூறு பேர் சாட்சி. வேணும்னா கூட்டியாறேன்."

ஜோபின் தேதியைக் குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். "மிஷின் தேதி தப்பா இருக்கும்" என்றார். நான் மௌஸை மூலையிலிருந்த கடிகாரத்தின்மேல் கொண்டுபோய் வைத்தேன். அன்றைய தேதியைச் சரியாகக் காட்டியது.

"நேத்து மாமா மட்டும் வந்து வெளக்கேத்திட்டு, புது நோட்டுல உ போட்டுட்டுப் போயிருப்பாவ. மாமா கம்ப்யூட்டரத் தொடவே மாட்டாவளே" என்றார் ஜோபின். அதுவும் உண்மைதான். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அண்ணாச்சி அந்த மேசைப் பக்கம் வரமாட்டார். எனக்கும் அப்போது வரை அவர்மேல் சந்தேகம் வரவில்லை.

"அப்போ நேத்து இந்த சீட்ல குந்தினது யாருன்னு அந்தச் சாமிக்குத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே, பேச்சுக்கு, சுவரிலிருந்த சரஸ்வதி படத்தைக் கையால் காட்டினேன்.

காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. படத்தின் சட்டத்துக்குப் பின்னால், வாடிய சாமந்தி மாலைக்கு மேலே, ஒரு மஞ்சள் மூலை எட்டிப் பார்த்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். இரண்டாக மடித்து, படத்துக்கும் சுவருக்கும் நடுவில் பத்திரமாகச் செருகியிருந்தது. பிரித்தேன். எது கேட்டாலும் வேணாம். அன்பு. என் கையெழுத்து, ஓரத்தில் யாருடைய விரலோ பட்ட சந்தனம்.

அந்த அலுவலகத்தில் ஒரு துண்டுத் தாளைக்கூடக் கசக்கிக் குப்பையில் போடாத ஆள் ஒருவர்தான். காகிதம் சரஸ்வதி என்பார். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

ஸ்டூலில் நின்றபடியே அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"நாந்தாம்மா" என்றார்.

ஜோபின் ஏதோ சொல்ல வந்தார். அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தே பேசினார்.

"வருசா வருசம் நோட்டுல உ போடுதேன். இப்பம் நம்ம தொழிலு முழுக்க இதுலல்லா ஓடுது? நோட்டுக்கு மட்டும் செஞ்சிட்டு இத விட்டா கோவிச்சுக்கிடாதான்னு தோணிச்சு. ஒம்பதரைக்கு நல்ல நேரம். வந்து மிஷினத் தொறந்தேன். பொட்டு வைக்கப் போனா, சாமி கும்புடுத எடத்துல வேணாம்னு ஒட்டியிருக்கு. நல்ல நாள் அதுவுமா கண்ணு முன்னால அந்தச் சொல்லு எதுக்குன்னு எடுத்து அம்மாகிட்ட வச்சேன். அது எதுக்கு எழுதுனதுன்னு எனக்கு என்ன தெரியும்?"

"அப்புறம் அது கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. மூணு கட்டம் வந்து நின்னுச்சு. ஒண்ணுல இன்ஸ்டால்னு இருக்கு. ஒண்ணுல அப்புறம்னு இருக்கு. ஒண்ணுல டோன்ட்னு இருக்கு. விஜயதசமியன்னிக்கு மொதமொத கை வைக்கேன், டோன்ட்ட எப்பிடிம்மா அமுக்க முடியும்? அப்புறம்னு சொன்னா வார காரியம் தள்ளிப் போவும். அதான் இன்ஸ்டால அமுக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டதால் சிரிக்கவும் முடியவில்லை.

"அமுக்குன ஒடனே பச்சையா ஒரு கட்டம் கொஞ்சங் கொஞ்சமா நெறைஞ்சிக்கிட்டே வந்துச்சு. அரை மணி நேரம் நெறைஞ்சுச்சும்மா. இந்த வருசம் நெறைஞ்ச வருசந்தான்னு நெனைச்சு, கற்பூரத்த ஏத்திக் காட்டிட்டு, வீட்டுலயும் போயிச் சொன்னேன்."

ஜோபின் தன் செல்போனை எடுத்து, அதில் மிக முக்கியமாக எதையோ படிக்க ஆரம்பித்தார்.

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். சீட்டை அண்ணாச்சியின் மேசைமேல் வைத்தேன். மணி பத்து ஐம்பத்தைந்து. அவர் சொன்ன நிறைந்த வருஷத்தை நான் இப்போது எடுக்க வேண்டும். "எடுக்கட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் கேட்டேன். அவர் கண்ணை மூடி ஒரு தடவை சரஸ்வதி பக்கம் கும்பிட்டுவிட்டு, "எடும்மா" என்றார்.

நீக்கு என்பதை அமுக்கினேன். அது என்னிடமும் நாலு கேள்வி கேட்டது. நிச்சயமாகத்தானா, இன்னின்ன வேலை செய்யாமல் போகலாம், பரவாயில்லையா. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். பச்சைக் கட்டம் நகர்ந்தது. பாதியில் நின்றது. வட்டம் சுற்றியது. பதினொன்று பத்துக்கு விசிறி ஒரு தடவை தயங்கிச் சுற்றியது, நல்லவேளை, கரண்ட் போகவில்லை. அண்ணாச்சி ஓடிப்போய் விசிறியையும் விளக்கையும் அணைத்தார், என்னவோ அதனால் மிஷினுக்குக் கொஞ்சம் மிச்சமாகும் என்பதுபோல. வியர்க்க வியர்க்க நின்றோம். பதினொன்று இருபத்தைந்துக்கு, அணைத்துத் திறக்க வேண்டும் என்றது. அணைத்தேன். எங்கள் மிஷின் அணைந்து திறப்பது என்பது ஒரு பிரசவம்.

துரை அண்ணன் மறுபடி கூப்பிட்டார். "முன்னால மூணு வண்டிதான் கீது அன்பு. இன்னா சொல்ற?"

"வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெய்ணா."

"மெய்யாலுமா?"

"நான் என்னிக்குணா உன்னாண்ட பொய் சொன்னேன்?"

திரை வந்தது. நீல e மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பழைய வெறுங்கையோடு வந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. யார்டின் பக்கத்தைத் திறந்து, கன்டெய்னர் எண், வண்டி எண், கப்பல் பெயர் எல்லாவற்றையும் மறுபடி அடித்தேன். சப்மிட்டை அமுக்கினேன். சின்ன ஜன்னல் திறந்தது. அதன் நடுவில் கறுப்பாக, தடித்து, நூற்றுப் பதினேழு.

"ஒண்ணு ஒண்ணு ஏழு" என்று போனில் கத்தினேன். அந்தப் பக்கம் டிரெய்லரின் ஹாரன் இரண்டு தடவை ஊதியது. பின்னால் நின்ற வண்டிக்காரன் யாரோ துரை அண்ணனைத் திட்டியதும் கேட்டது. மணி பதினொன்று நாற்பத்தொன்று.

ஜோபின் மெதுவாக, "சரி, வந்துட்டுல்லா" என்றார், ஏதோ டோக்கன் அவருக்குத் தெரிந்தவர் மூலமாக வந்த மாதிரி.

இன்னும் வேலை முடியவில்லை. இப்படியே விட்டால் நாலு நாளில் மறுபடி வந்து நிற்கும். கண்ட்ரோல் பேனலில் தானியங்கி அப்டேட் என்ற இடத்தைத் திறந்தேன். நாலு வழி இருந்தது. எல்லாவற்றையும் தானாகப் போட்டுக்கொள், இறக்கி வைத்துக் கேள், இறக்காமலே கேள், மொத்தமாக நிறுத்து. அண்ணாச்சிக்குத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"கேட்டுட்டுச் செய்யின்னு வச்சா போதும்லா? எதுக்கு மொத்தமா நிப்பாட்டணும்?" என்றார் ஜோபின்.

"கேட்டதுதான சார் பிரச்சனையே" என்றேன்.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். காலையிலிருந்து முதல் தடவை. ஜோபினுக்கும் உதடு கொஞ்சம் கோணியது, அடக்கிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு அண்ணாச்சி. மொத்தமா நிறுத்தினா நல்லதும் வராது. வைரஸ் நொழையாம ஓட்டைய அடைக்கறதுன்னு மாசா மாசம் ஏதாச்சும் வரும். அதனால முதல் சனிக்கிழமை நானே தொறந்து, எது வேணும் எது வேணாம்னு பாத்து, வேண்டியத மட்டும் போட்டுக்கறேன். யார்டுக்காரங்க பக்கத்த மாத்திட்டாங்கன்னா அப்போ இந்தப் புதுசையும் நானே போடறேன். அதுவரைக்கும் பாஸ்வேர்டு என்னாண்டதான் இருக்கும்."

கடைசி வாக்கியத்தை ஜோபினைப் பார்த்துச் சொல்லவில்லை. அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னேன்.

"பின்ன யாருகிட்ட இருக்கும்?" என்றார்.

இதைத்தான் அவர் பத்தரைக்கே ஜோபினிடம் சொல்லியிருக்க வேண்டும். நெஞ்சில் கிடந்ததை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"அவரு சொல்லசொல்லோ நீங்க பேசாம இருந்தீங்களே அண்ணாச்சி. அப்போ உங்களுக்குத் தெரியுமா, நீங்கதான் அமுக்கினதுன்னு?"

அவர் பேப்பர் வெயிட்டைத் தேடினார். அது அவர் மேசையில் இருந்தது, இங்கே இல்லை. "பாதி தெரிஞ்சுது" என்றார். "மருமவன் முன்னால..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

"எனக்கு வலிச்சுது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேறு சொல்ல இருந்தது, ஆனால் இது போதும்.

திரும்பி, நிறுத்து என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தேன். உடனே கடிகாரத்தின் பக்கத்தில் சிவப்பாக ஒரு கேடயம் முளைத்தது. உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கலாம் என்று ஒரு பலூன் விட்டது.

"என்னம்மா அது செவப்பா?" அண்ணாச்சிக்குப் பதற்றம்.

"வேணாம்னு சொன்னா அப்படித்தான் கொஞ்ச நாள் மூஞ்சியக் காட்டும். காட்டிட்டுப் போவட்டும்."

அவர் தன் மேசைக்குப் போனார். கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை. செல்லோ டேப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மற்ற கையில் என் மஞ்சள் சீட்டு. நகத்தால் டேப்பின் நுனியைத் தேடி, கிடைக்காமல், பல்லால் கிழித்தார். மானிட்டரின் கீழ் விளிம்பில், சந்தனப் பொட்டுக்கு இடது பக்கமாக, சீட்டை வைத்து ஒட்டினார். கோணலாக இருந்தது. கட்டை விரலால் இரண்டு தடவை நீவினார்.

"இனிமே அது கேக்கவே கேக்காதே அண்ணாச்சி. சீட்டு எதுக்கு?"

"மிஷினுக்கு இல்லம்மா" என்றார். "எனக்கு."

ஒட்டிய பிறகும் அவர் நகரவில்லை. சீட்டைப் பார்த்தார். புதிதாக ஒன்றை வைத்துவிட்டுப் பொட்டு வைக்காமல் போவது அவரால் முடியாத காரியம். சரஸ்வதி படத்தின் கண்ணாடியிலிருந்து காய்ந்த குங்குமத்தை விரலில் ஒற்றிக்கொண்டு வந்து, சீட்டுக்கு நேராக நீட்டி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

பன்னிரண்டு அடித்தது. கரண்ட் போயிற்று. திரை இருட்டி, சிவப்புக் கேடயம் மறைந்து, மிஷினின் இரைச்சல் இறங்கி நின்றது. கறுத்த கண்ணாடியில் நானும் அவரும் மங்கலாகத் தெரிந்தோம். ஜன்னல் வெளிச்சம் மஞ்சள் சீட்டின்மேல் மட்டும் விழுந்தது. அண்ணாச்சியின் விரல், வேணாம் என்ற சொல்லுக்கு மேலே, இன்னும் இறங்காமல் நின்றுகொண்டிருந்தது.